சாவி யாரிடம்

உச்சிப்புளி தாண்டி என் கடை வாசலுக்கு
ஒரு குட்டியானையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள் மூன்று பேர்.
உள்ளே சீனி நெய்னா,
ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி
யாரையும் பார்க்காத முகம்.

பின்னால் நீலத் தொட்டி.
நேற்று அதில் உயிரோடு போனது
கூண்டில் வளர்ந்த களவா, நாற்பது கிலோ.
தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரை
எவனோ நேராக பேட்டரியில் முடிந்து வைத்திருந்தான்.
மீன் இறக்கிய பிறகும் ராத்திரி முழுக்க
வெறுந்தண்ணீருக்கு ஊதியிருக்கிறது.
விடியலில் செல்ஃப் அடித்தால்
டக்.
ஒரே ஒரு டக்.

"யக்கா, சாவி போட்டா ஓடணும்,
எடுத்தா நிக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று வருகிற வேலை எதுவும்
மத்தியானத்துக்குள் முடிந்ததில்லை.

வேறு பேட்டரி மாட்டி,
டாஷ்போர்டுக்கு அடியில் தலை, ரோட்டில் கால்.
டெஸ்ட் லாம்பின் முதலைவாயை பாடியில் கவ்வ விட்டேன்.
எதைத் தொட்டாலும் எரியவில்லை.
இந்தக் கரையில் எர்த் என்பது பாதி நம்பிக்கை:
போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைக் களிம்பு,
உப்புக்காற்று அங்கேயும் குடியிருந்தது.
தகரம் வெளுக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்,
கிரீஸ் தடவி இறுக்கினேன்.

ஹாரன் ஃப்யூஸ்: சாவி இல்லாமலும் எரிகிறது. வேண்டாம்.
உள்விளக்கு: அதுவும் தூங்காது.
வைப்பர்.
"திருப்பு." எரிந்தது.
"எடு." அணைந்தது.
"திருப்பு."
"எடு."
நெய்னா சலித்துக்கொண்டான்.
எனக்கு நாலாவது தடவையும் பார்க்க வேண்டியிருந்தது.

வைப்பர் சைகை மட்டும் காட்டும்,
சுமையை பேட்டரிதான் தூக்கும்,
நடுவில் ரிலே, பத்து ஆம்பியர் ஃப்யூஸ்.
சாவியைத் திருப்பியதும்
சீட்டுக்கடியில் பல்லி மாதிரி ஒரு டிக்,
தொட்டியில் குமிழி.

எண்ணூற்றைம்பது சொன்னேன்.
ஐநூறு தந்தான், மீதி மீனாக வரும் என்றான்.

மூன்றாம் நாள் தூத்துக்குடிக்குப் போகிற வழியில்,
ஏர்வாடி விலக்குக்கு அப்பால், சோதனை.
தொட்டிக்குள் கடல் அட்டை இருக்கிறதா என்று
முழங்கை வரை விட்டுத் துழாவியிருக்கிறார்கள்.
விசாரித்து முடிப்பதற்குள் ஓடிவிடக் கூடாதென்று
ஒருவர் சாவியை உருவிக்கொண்டு போய்விட்டார்.

டிக்.
என் ரிலே
சொன்ன பேச்சைத் தட்டவில்லை.

ஐம்பது நிமிடம்.
காக்கிப் பையில் உட்கார்ந்து
சாவி டீ குடித்துக்கொண்டிருந்தது.
இருப்பதிலேயே பெரிய களவா முதலில் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து காட்டியதாம்.
நெய்னா குவளையில் மொண்டு
தலைக்கு மேலே தூக்கி ஊற்றினானாம்,
கொஞ்சமாவது காற்று கலக்கட்டுமென்று,
மறுபடி மொண்டு, மறுபடி.
அட்டை இல்லை. போகச் சொன்னார்கள்.
பதினோரு கிலோ செத்திருந்தது.

கோபத்தோடு வருவான் என்று
ஸ்பேனரைத் துடைத்தபடி காத்திருந்தேன்.
மெதுவாகத்தான் இறங்கினான்.

"சாவி எடுத்தாலும் ஓடணும்க்கா."
"அன்னிக்கு வேற சொன்ன."
"அன்னிக்கு, சாவி எங்கிட்டதான் இருக்கும்னு
நெனச்சேன்."

மூன்று நிலை சுவிட்சு ஒன்று எடுத்தேன்.
மேலே தள்ளினால் சாவியோடு,
கீழே தள்ளினால் எப்போதும்,
நடுவில் ஒன்றுமில்லை.
சீட்டுக்கடியில் ஒளித்து வை என்றான்.
ஒளித்த ஒயரைப் பார்த்தால்
அடுத்த தடவை சீட்டையே கிழிப்பார்கள்.
ஸ்டீயரிங் பக்கத்தில், கண்ணில் படுகிற இடத்தில் துளைபோட்டு
என் நகச்சாயத்தால் எழுதினேன்: மீன்.

"கீழ தள்ளிட்டு மறந்தா
திரும்ப தள்ளிக்கிட்டுதான் வரணும்," என்றேன்.
தலையாட்டினான்.
எல்லாரும் தலையாட்டுவார்கள்.

வாரம் இரண்டாகிறது,
யாரும் தள்ளிக்கொண்டு வரவில்லை.
மறக்கவில்லை போல,
இல்லை, பெரியபட்டினத்தில் வேறு கடை பார்த்துவிட்டானோ.
முந்நூற்றைம்பது ரூபாய்
இன்னும் மீனாகவில்லை.